நடந்து சென்றவர்க்கு நாம் பட்ட கடன்

(சங்கத்தின் வெள்ளி விழாவை ஒட்டிச் செவ்வாப்பேட்டையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் பேச வருகின்றவர் சங்கத்தை வாழ்த்திவிட்டு அமர்வது வழக்கம். நானும் அவ்வாறே வந்திருப்பேன். ஆனால் சென்ற மாதம் நம் இளைஞர் அணியினர் என் வீட்டுக்கு வந்து ஒரு விருப்பத்தைத் தெரிவித்தனர். "ஐயா, ஆடி மாதத்தில் பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு நம் சனங்கள் நடந்து போகிறார்கள் அல்லவா? அதைப் போல, இந்த வெள்ளி விழா ஆண்டில் நாங்கள் நாற்பது பேர் ஒரு பள்ளிக்கூடத்துக்காக நடக்க விரும்புகிறோம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்போம். சேரும் தொகையை இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு அளிக்க வேண்டும்" என்றனர்.

இந்த விருப்பம் செயற்குழுவில் பேசப்பட்டபோது, நம் மூத்தவர் ஒருவர் எழுந்து, "நம் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கே மின்விசிறி இல்லை. கடல் கடந்து போய் யாருக்கோ கொடுப்பானேன்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூலி வேலை செய்தவர்களும் செங்கல் சூளையில் உழைத்தவர்களும் மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கொடுத்து வளர்த்த சங்கம் இது. இங்கே ஒரு ரூபாய் செலவழித்தாலும் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். ஆகவே அப்பெரியவரின் கேள்விக்கு விடை காணாமல் நீங்கள் ஓரடியும் எடுத்து வைத்தல் கூடாது. அந்த விடையைத் தேடுவதே இன்று என் பேச்சின் நோக்கமாகும்.

முதலாவதாக, அந்தப் பிள்ளைகள் யார்? உண்மையிலேயே அவர்கள் 'யாரோ'தானா?

1820களில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். 1867இல் தேயிலை வந்தது. காட்டை அழிக்கவும் செடி நடவும் கொழுந்து பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்தனர். அவ்வாறு சென்றவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற உழவர்கள். நம்மைப் போன்றே ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள். அவர்கள் ஏன் சென்றனர் என்பதற்கு வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் படித்தால் போதும். நம் மக்கள் சொந்த நிலமின்றி, குடியிருக்கும் மனையும் தமக்கென்று உறுதியின்றி, கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த நிலையை அவர் அதில் விவரித்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது அந்த அறிக்கையின் பயனாகத்தான். இந்த மாவட்டத்து மக்கள் பெரும்பாலும் சென்னைத் துறைமுகத்தின் வழியே வேறு நாடுகளுக்குச் சென்றனர். 1860இல் ட்ரூரோ என்னும் கப்பல் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது சென்னையிலிருந்துதான். கப்பல் வேறு, கரை வேறு. ஆனால் வீட்டை விட்டுத் துரத்திய வறுமையும் இழிவும் ஒன்றே.

கண்டிக்குச் சென்றவர்கள் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணி ஏறி மன்னாரில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரையில் காட்டு வழியே நடந்தனர். சோறில்லை; குடிக்க நல்ல நீரில்லை. வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் கண்டு வழியிலேயே வீழ்ந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே நடந்தனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் இரயிலும் இணைந்தன. நம் பாட்டிமார் காலத்தில், திரும்பி வாராதவனைக் குறித்து, "அவன் கண்டிக்குப் போனவன்" என்று சொல்வதுண்டு. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நடை, எத்தனை சாவு அடங்கியிருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

தோட்டத்தில் அவர்களைக் கட்டிப்போட்டது சங்கிலியன்று, கடன் சீட்டு. 'துண்டு' என்று அதற்குப் பெயர். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தத் துண்டில் எழுதிய கடனை எவரேனும் அடைத்தாக வேண்டும். எழுதியது எவ்வளவு, அடைத்தது எவ்வளவு என்பதைப் படிக்கத் தெரியாதவன் எவ்வாறு அறிவான்? 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எழுத்தறியாமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. கல்வி வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, அதன் பொருள் அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கின்றது.

பள்ளிக்கூடத்தின் கதையும் அவ்வாறே. 1945இல் இலங்கையில் இலவசக் கல்வித் திட்டம் வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதன் பயனைப் பெறவில்லை. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு என்பதே பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலைமை. 1970களில்தான் அரசு அப்பள்ளிகளைப் படிப்படியாக ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. அதற்குள் இன்னொரு பேரிடியும் விழுந்திருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. 1974இல் அந்த எஞ்சியவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்க 2003இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

இத்தகைய மக்கள் 2023இல் ஒரு காரியம் செய்தனர். முன்னோர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, அவர்கள் நடந்த அதே வழியில் தாங்களும் நடந்தனர். ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்டு, ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். 16 நாள் நடை. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று அந்த நடைக்குப் பெயர் சூட்டியிருந்தனர். கூலி என்றும் கள்ளத்தோணி என்றும் ஏசப்பட்டவர்கள் தமக்குத் தாமே 'மாண்புமிகு' என்னும் அடைமொழியை இட்டுக்கொண்டு நடந்தனர் என்றால், அதன் பொருள் நம்மைவிட வேறு எவருக்கு நன்கு விளங்கும்? வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடபுலத் தமிழரும் அவர்களோடு சேர்ந்து நடந்தனர். நிலம், வீடு, நியாயமான கூலி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் சம உரிமை வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. அவர்கள் அன்று பிச்சை கேட்டு நடக்கவில்லை. தங்கள் வரலாற்றை நாட்டுக்கு நினைவூட்டவே நடந்தனர். ஆகவே, நாற்பது பேர் நடக்கிறோம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த நடையே.

நிற்க. 'கடல் கடந்து' என்று பெரியவர் சொன்னார். அந்த மக்களைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். நம் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கின்றது. மலையகத்தில் பிறந்து, கலவரத்துக்கு அஞ்சி வடக்கே வவுனியாவுக்கும் மன்னாருக்கும் பெயர்ந்து, போருக்கு அஞ்சி மீண்டும் கடல் தாண்டிய குடும்பங்கள் தமிழ்நாட்டு முகாம்களில் பல உண்டு. பாட்டன் இங்கிருந்து நடந்து போனான். பேரன் அங்கிருந்து தோணியில் வந்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் பட்டதாரி ஆசிரியராக இருந்தேன். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாணவிக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். 'நாட்டினம்' என்னும் பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. பதிவேட்டைப் பார்த்தேன், 'இலங்கை' என்று இருந்தது. அந்தப் பெண், "ஐயா, நான் பிறந்தது இங்கேதான். அந்த நாட்டை நான் பார்த்தது கூட இல்லை" என்றாள். 1987 ஜூலை 1ஆம் நாளுக்குப் பின் இந்த மண்ணில் பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை பெற்றவராக இல்லாவிடில் பிறப்பால் குடியுரிமை இல்லை என்பது சட்டம். பதிவேட்டில் உள்ளதையே எழுதினேன். அவள் கையொப்பமிட்டு வாங்கிச் சென்றாள். ஓராண்டு முழுவதும் புவியியல் வகுப்பில் அவளுக்கு நாட்டு எல்லைகளைக் கற்பித்தவன் நான். அன்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் இல்லை. அந்தக் குறை இன்றும் என் நெஞ்சில் இருக்கின்றது.

அடுத்து, பெரியவரின் கேள்வியில் உள்ள இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். நமக்கே இல்லாதபோது பிறருக்குக் கொடுக்கலாமா? இதற்கு விடை காண, நமக்குக் கொடுத்தவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

கர்னல் ஆல்காட் அமெரிக்கர். 1881இல் அவர் இலங்கையில் ஊர் ஊராக மாட்டு வண்டியில் சென்று, பௌத்தப் பிள்ளைகளின் பள்ளிகளுக்காக நிதி திரட்டினார். அதே மனிதர் 1894இல் சென்னை அடையாற்றில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் சென்னையின் வேறு பகுதிகளிலும் பள்ளிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. நம் மக்களின் நிலையை எடுத்துரைத்து 1902இல் ஒரு சிறு நூலும் எழுதினார். கடலுக்கு அப்பாலிருந்தும் அப்பள்ளிகளுக்குப் பண உதவி வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் ஆல்காட்டின் துணையோடுதான். அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அன்று அந்த நன்கொடையாளர்கள் கேட்டிருந்தால், நம் பாட்டன்மாரில் எத்தனை பேர் சிலேட்டைத் தொட்டிருப்பார்கள்?

கொடுத்தவர் அயலார் மட்டும் அல்லர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவினார். தில்லையைக் காண ஏங்கி, 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் ஆனவர் நந்தனார். அவர் நடந்து சென்ற வழி தீயில் முடிந்தது என்று கதை கூறும். அதே ஊரில், அதே பெயரில், நம் பிள்ளைகள் நாளைக்கு அன்றி இன்றைக்கே நுழைவதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்தார் சகஜானந்தர். பலரிடமும் சென்று கேட்டுப் பெற்ற பொருளால் வளர்ந்த பள்ளி அது. இன்னும் அருகே வாருங்கள். காமராசர் ஆட்சியில், கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தோன்றியது. 1958இல் அதன் முதல் மாநாடு நடந்த இடம் நம் செவ்வாப்பேட்டையிலிருந்து சில இரயில் நிலையங்கள் தள்ளி இருக்கும் கடம்பத்தூர். ஊர் மக்களே கரும்பலகையும் பெஞ்சும் தேசப் படமும் கடிகாரமும் பள்ளிக்கு வாங்கித் தந்தனர். இருப்பவர் கொடுப்பது இயல்பு. இல்லாதவரும் கொடுக்கலாம் என்று காட்டியது அந்த இயக்கம்.

ஆகவே நீங்கள் மலையகத்துக்கு அனுப்ப நினைப்பது தருமம் அன்று, கடன். வாங்கியவரிடமே திருப்பிக் கொடுக்க முடியாத கடனை, அடுத்து நிற்பவரிடம் கொடுத்துத் தீர்ப்பதே முறை.

ஆனால் இளைஞர்களே, கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. அதைக் கல்லாமல் நடந்தால் கால்வலிதான் மிஞ்சும். 1933 நவம்பர் முதல் 1934 சூலை வரையில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுவதும் சுற்றினார். ஏறத்தாழ 12,500 மைல் பயணம். ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய் நிதி. ஒரிசாவில் வண்டியைத் துறந்து நடந்தே சென்றார். நடையின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்காக நிதி திரட்டப்பட்டதோ அவர்களை அரிசன சேவா சங்கத்தின் நிருவாகத்தில் அமர்த்தவில்லை என்பது அண்ணல் அம்பேத்கரின் குற்றச்சாட்டு. பிறர் கையால் பெறும் உதவியில் நம் மக்கள் நிமிர மாட்டார்கள் என்று அவர் கருதினார். 1945இல் அவரே மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அதன் வழியே கல்லூரிகளைத் தொடங்கினார். நாம் பெறும் இடத்தில் இருந்தபோது எது நம்மைப் புண்படுத்தியதோ, அதைக் கொடுக்கும் இடத்துக்கு வந்ததும் நாம் பிறருக்குச் செய்துவிடலாகாது.

இதை மனத்திற்கொண்டு உங்களுக்கு ஐந்து யோசனைகள் கூறுகிறேன்.

ஒன்று: பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அந்தப் பள்ளியின் பெற்றோரும் ஆசிரியரும் முடிவு செய்யட்டும். இலங்கைப் பள்ளிகளில் அதற்கெனப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. அவர்களுக்கு நூலகம் வேண்டுமா, கணித ஆசிரியருக்கு ஊதியம் வேண்டுமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். நம் பெயர் பொறித்த கல்வெட்டு அங்கே வேண்டாம்.

இரண்டு: சட்ட வழியில் செல்லுங்கள். 2022இல் இலங்கையில் பஞ்சம் வந்தபோது தமிழ்நாட்டு அரசே அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப மத்திய அரசின் இசைவைப் பெற வேண்டியிருந்தது. நம்மைப் போன்ற சங்கம் வெளிநாட்டில் செலவிடுவதற்கும் விதிகள் உண்டு. பட்டயக் கணக்கரைக் கலந்து, வருமான வரித் துறையினரின் இசைவைப் பெற்று, வங்கி வழியே மட்டும் அனுப்புங்கள். காலம் தாழ்ந்தாலும் கவலையில்லை. கைமாற்றாக எவரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

மூன்று: கணக்கு. ஐந்து ரூபாய் கொடுத்தவருக்கும் இரசீது தாருங்கள். கைபேசி வழியே வரும் தொகை எவருடைய சொந்தக் கணக்குக்கும் போகாமல் சங்கக் கணக்குக்கே வர வேண்டும். நடப்பவர்களின் சாப்பாட்டுச் செலவை நடப்பவர்களே ஏற்க வேண்டும். முடிந்த பதினைந்தாம் நாள் வரவு செலவு இந்தச் சங்கத்தின் பலகையில் ஒட்டப்பட வேண்டும். துண்டுச் சீட்டால் அழிந்த மக்களுக்காகத் திரட்டும் பணம் இது. இதில் மறைவான கணக்கு ஒரு வரியும் இருத்தல் ஆகாது.

நான்கு: வழி. தாமரைப்பாக்கம், வெங்கல், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை என்று நடந்து கும்மிடிப்பூண்டியில் முடியுங்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இரண்டு நாளில் நடக்கலாம். பெரியபாளையத்தில் இரவு தங்கலாம். கடைசிப் பகுதி நெடுஞ்சாலை. சிப்காட் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை. அங்கே விடியலில் மட்டும் ஒற்றை வரிசையில் செல்லுங்கள். உங்களில் பலர் இரவு ஷிப்டு பார்ப்பவர்கள். தூக்கம் கெட்டவர் எவரும் அன்று நடக்க வேண்டாம். பெண் பிள்ளைகளும் உடன் வர வேண்டும். அவர்களுக்குத் தங்கும் வசதியை முன்னரே உறுதி செய்யுங்கள். முகாமில் உள்ளோரைச் சந்திக்க அதிகாரிகளின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். அங்குள்ள முதியவர்களிடம் அமர்ந்து, "தாத்தா, உங்கள் ஊர் எது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எவரையும் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம்.

ஐந்து: மின்விசிறி. நடைக்கு முன் அந்த மின்விசிறி நம் மாலை வகுப்பில் சுழல வேண்டும். வீட்டுப் பிள்ளை வியர்வையில் நனைந்திருக்க, வெளியூருக்குப் பந்தல் போட்டார்கள் என்ற பேச்சுக்கு இடம் தரலாகாது. அதற்கான தொகையில் என் பங்கை இன்று காலையில் செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். எஞ்சியதை மூத்த உறுப்பினர்களாகிய நாம் பகிர்ந்துகொள்வோம். கேள்வி எழுப்பிய பெரியவரையே நன்கொடைக் குழுவுக்குத் தலைவராக இருக்குமாறு இந்த அவையின் முன் வேண்டிக்கொள்கிறேன். 'எதற்கு?' என்று கேட்கத் தெரிந்தவரின் கையில் இருக்கும் பணமே பத்திரமாக இருக்கும்.

அன்பு இளைஞர்களே! நம் முன்னோர் பசிக்காக நடந்தார்கள், துரத்தப்பட்டு நடந்தார்கள், பிறர் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தாமாக விரும்பி, தலை நிமிர்ந்து, காலில் செருப்போடு, பிறர் பிள்ளையின் படிப்புக்காக நடக்கும் தலைமுறை நம்மில் இப்போதுதான் தோன்றியிருக்கின்றது. இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தச் சங்கம் என்ன செய்தது என்று எவரேனும் கேட்டால், அந்த நாற்பது பேரைக் காட்டுவேன்.

கும்மிடிப்பூண்டியில் நீங்கள் சென்று சேரும் அன்று நானும் அங்கு வந்து நிற்பேன். ஐம்பதைத் தாண்டிய கால்கள் முழுத் தூரமும் ஒத்துழைக்குமோ என்னவோ. கவரைப்பேட்டையிலிருந்தாவது உங்களோடு நடப்பேன். சான்றிதழை வாங்கிக்கொண்டு பேசாமல் சென்ற அந்த மாணவிக்கு நான் சொல்லாமல் விட்ட விடை அந்தச் சில கிலோமீட்டரிலாவது கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

 வளர்க நம் சங்கம்!